‘வேண்டாம்’ என்று ஒரு பெண்ணுக்குப் பெயர்!



குழந்தைக்குப் பெயர் வைப்பது என்றால் நம் வீடுகளில் எத்தனை அமர்க்களம்! நட்சத்திரம் பார்த்து முதல் எழுத்து கேட்போம். எண் கணிதம் பார்த்து எழுத்தைக் கூட்டுவோம், குறைப்போம். மாமியார் ஒரு பெயர் சொல்வார், கொழுந்தனார் ஒரு பெயர் சொல்வார். கடையில் பத்தாயிரம் பெயர்கள் என்று புத்தகமே விற்கிறது. அந்தப் புத்தகங்கள் எதிலும் வராத ஒரு பெயரைப் பற்றித்தான் இன்று எழுதப் போகிறேன். எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துப் பெண்கள் சிலர் பிறந்த நாளிலிருந்து சுமந்து வரும் பெயர் அது.

அந்தப் பெயர், ‘வேண்டாம்’.

ஆமாம் சகோதரிகளே, நீங்கள் சரியாகத்தான் படித்தீர்கள். பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில், ரேஷன் கார்டில், ஆதார் அட்டையில் எல்லாம் ‘வேண்டாம்’ என்றே பெயர் உள்ள பெண்கள் இருக்கிறார்கள். எங்கள் மாவட்டத்தின் மேற்கு மூலையில், திருத்தணி அருகே நாராயணபுரம் என்று ஒரு கிராமம். தொடர்ந்து பெண்ணாகவே பிறந்த வீட்டில், கடைசியாக வந்த பெண்ணுக்கு இந்தப் பெயரை வைத்தால் அடுத்தது ஆண் பிறக்கும் என்பது அங்கே தலைமுறையாக வரும் நம்பிக்கை. பத்திரிகைகளில் இந்தச் செய்தி வந்த பிறகுதான் வெளியூரில் பலருக்கும் தெரியும். அந்தப் பக்கம் பெண் கொடுத்து, பெண் எடுத்த எங்களைப் போன்றவர்களுக்கு முன்பே தெரிந்த கதைதான்.

என் தங்கையை அந்தப் பக்கத்தில்தான் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அவளுடைய நாத்தனார் பெயரும் இதேதான். நான் அவரை அண்ணி என்றே கூப்பிடுவேன். அண்ணி கலகலப்பானவர். தன் பெயரால் நடந்த கூத்துகளை அவரே சொல்லிச் சிரிப்பார். ஒரு தடவை மகளிர் சுயஉதவிக் குழுக் கடனுக்காக வங்கிக்குப் போயிருக்கிறார். கவுன்ட்டரில் இருந்தவர், “பேர் என்னம்மா?” என்று கேட்க, இவர் “வேண்டாம்” என்று சொல்ல, “பேர் சொல்லாம எப்படிம்மா எழுதறது?” என்று அவர் கோபப்பட, பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்திருக்கிறார்கள். இதைச் சொல்லும்போது அண்ணியும் சிரிப்பார். ஆனால் ஒருநாள் மட்டும், “ஸ்கூல்ல அட்டெண்டன்ஸ் எடுக்கறப்ப டீச்சர் என் பேரை மட்டும் மெதுவா சொல்லுவாங்க. அதுதான் எனக்கு ரொம்ப வலிக்கும்” என்றார். அதற்கு மேல் நானும் ஒன்றும் கேட்கவில்லை.

பெயருக்குள் இருக்கும் பொருள்

‘வேண்டு’ என்ற சொல்லில்தான் இந்தப் பெயரும் பிறக்கிறது. வேண்டு என்றால் விரும்பு, கேள், இறைஞ்சு என்று பொருள். வேண்டும் என்றால் தேவை. வேண்டாம் என்றால் தேவையில்லை. நாம் திருத்தணி மலைக்கு 365 படி ஏறிப் போய் முருகனிடம் வைக்கிறோமே வேண்டுதல், அதுவும் இந்த வீட்டுப் பிள்ளைதான். பிள்ளை வரம் கேட்கும்போது ‘வேண்டுதல்’. வந்த பிள்ளை பெண்ணாக இருந்தால் ‘வேண்டாம்’. ஒரே சொல்லின் இரண்டு முகத்தையும் ஒரே வீட்டில் பார்த்துவிடலாம்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மற்ற பெயர்கள் எல்லாம் அந்தக் குழந்தையைப் பற்றியவை. லட்சுமி என்றால் அவள் லட்சுமி மாதிரி இருக்கட்டும். தவமணி என்றால் தவம் இருந்து பெற்ற மணி. ‘வேண்டாம்’ என்ற பெயரில் அந்தக் குழந்தையைப் பற்றி எதுவுமே இல்லை. இனிமேல் பெண் வராதே என்று, இன்னும் பிறக்காத அடுத்த குழந்தைக்கு எழுதிய கடிதம் அது. அந்தக் கடிதத்தைப் பிறந்து பத்து நாள்கூட ஆகாத இந்தக் குழந்தையின் நெற்றியில் ஒட்டிவிடுகிறோம். அடுத்த குழந்தை பிறந்த பிறகாவது யாராவது கிழித்துப் போடுகிறார்களா? இல்லையே! காலம் முழுக்க இவள்தான் சுமக்கிறாள்.

குப்பம்மாள் வேறு, வேண்டாம் வேறு

“அந்தக் காலத்தில் குப்பம்மாள், பிச்சையம்மாள் என்றெல்லாம் வைக்கவில்லையா? அதைப் போலத்தானே இதுவும்?” என்று சிலர் கேட்பார்கள். இல்லை சகோதரிகளே, இரண்டும் வேறு வேறு.

முன்பெல்லாம் குழந்தைகள் பிறந்து பிறந்து தவறிப் போகும். அப்படிப்பட்ட வீட்டில் அடுத்து ஒரு குழந்தை பிறந்தால், அதைக் குப்பை மேட்டில் கிடத்திப் புரட்டி எடுப்பார்கள். வேறொருவர் கையில் கொடுத்துவிட்டுத் தவிட்டுக்கு வாங்குவது மாதிரி திரும்ப வாங்குவார்கள். மூக்குக் குத்துவார்கள். குப்பன், குப்பம்மாள், பிச்சை, பிச்சையம்மாள், மூக்கம்மாள் என்று பெயர் வைப்பார்கள். எமனும் கண்ணேறும், ‘இது மதிப்பில்லாத பொருள்’ என்று ஏமாந்து விட்டுவிட்டுப் போகட்டும் என்ற தாயின் தந்திரம் அது. ஆணுக்கும் வைத்தார்கள், பெண்ணுக்கும் வைத்தார்கள். கேட்க இழிவாக இருந்தாலும், ‘எப்படியாவது இந்த உயிர் என்னிடமே தங்கட்டும்’ என்ற ஆசை அதற்குள் இருந்தது.

‘வேண்டாம்’ என்ற பெயரில் அந்த ஆசை இல்லை. அதை ஆண் குழந்தைக்கு யாரும் வைப்பதும் இல்லை.

இந்த வகைப் பெயர்கள் எங்கள் மாவட்டத்துக்கு மட்டும் சொந்தமில்லை. மதுரை, தேனிப் பக்கம் போனால் ‘போதும்பொண்ணு’ என்ற பெயரைக் கேட்கலாம். ‘போதுமணி’ என்றும் உண்டு. இன்னும் சில வீடுகளில் பட்டுத்துணி போர்த்தி இதையே நாசூக்காகச் செய்தார்கள். கச்சேரி முடியும்போது மங்களம் பாடுவார்கள் அல்லவா? பிள்ளைப்பேறும் இத்துடன் முடியட்டும் என்று ‘மங்களம்’ எனப் பெயர் வைப்பது உண்டு. நிறைவு பெற்றது என்ற பொருளில் ‘சம்பூர்ணம்’ என்று வைப்பதும் உண்டு. மங்களம், சம்பூர்ணம் என்று பெயர் உள்ள எல்லோருக்கும் இந்தக் காரணத்துக்காகத்தான் வைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அவை நல்ல பெயர்கள். கேட்கவும் இனிமை. ஆனாலும் உங்கள் வீட்டில் மங்களம் பாட்டி யாராவது இருந்தால், அவர் எத்தனையாவது பெண் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்களேன்!

ஊர் ஊராக, நாடு நாடாக

எங்கள் சிப்காட் பக்கம் பாதி இந்தியா குடியிருக்கிறது. பீகார், ஒடிசா, உத்தரப் பிரதேசம் என்று கம்பெனி வேலைக்கு வந்தவர்கள் குடும்பத்தோடு லைன் வீடுகளில் இருக்கிறார்கள். தண்ணீர் பிடிக்கும்போது, தெரிந்த அரைகுறை இந்தியிலும் அவர்கள் தெரிந்து வைத்திருக்கும் அரைகுறைத் தமிழிலும் பேசிக்கொள்வோம். அப்படி ஒருநாள் இந்தப் பெயரைச் சொன்னபோது, பக்கத்து வீட்டு வடநாட்டு அம்மா ஆச்சரியமே படவில்லை. “எங்க ஊர்லயும் இருக்கு தீதி” என்றார். அரியானா பக்கம் ‘காஃபி’ என்று பெயர் வைக்கிறார்கள். நாம் குடிக்கிற காபி இல்லை. இந்தியில் காஃபி என்றால் போதும். ‘பதேரி’ என்றாலும் அதேதான். ‘அந்திமா’ என்றால் கடைசி. மத்தியப் பிரதேசத்தில் ‘அன்சாஹி’ என்ற பெயர் உண்டு. விரும்பப்படாதவள் என்று அர்த்தம்.

மகாராஷ்டிரத்தில் ‘நகுசா’, ‘நகோஷி’ என்பார்கள். மராத்தியில் ‘நகோ’ என்றால் வேண்டாம். நம் ‘வேண்டாம்’ அப்படியே அங்கே போய் உட்கார்ந்த மாதிரி! அங்குள்ள சாத்தாரா மாவட்டத்தில் ஒரு நல்ல காரியம் நடந்தது. இந்தப் பெயர் உள்ள பெண்களை மாவட்ட அதிகாரிகள் ஊர் ஊராகத் தேடிக் கணக்கெடுத்தார்கள். 2011 அக்டோபர் 22 அன்று விழா எடுத்து, 285 பெண்களுக்குப் புதுப்பெயர் எழுதிய சான்றிதழைக் கையில் கொடுத்தார்கள். அவரவர் விரும்பிய பெயர்தான். சிலர் சினிமா நட்சத்திரம் நினைவாக ஐஸ்வர்யா என்றும், சிலர் சாவித்திரி என்றும், சிலர் வைஷாலி என்றும் வைத்துக்கொண்டார்களாம். தன் பெயரைத் தானே தேர்ந்தெடுக்கும் பாக்கியம் நம்மில் யாருக்குக் கிடைத்திருக்கிறது?

கடல் தாண்டினாலும் இந்தக் கதை விடவில்லை. சீனாவில் ‘ஜாவ்தி’ என்ற பெண் பெயருக்குத் ‘தம்பியை அழைத்து வா’ என்று பொருள். கொரியாவில் பழைய தலைமுறையில் ‘மால்ஜா’ என்ற பெயர் உண்டு. கடைசிப் பெண் என்று அர்த்தம். ஜப்பானில் பாட்டிமார் காலத்தில் ‘தோமே’ என்று வைத்தார்கள்; நிறுத்து என்ற சொல்லிலிருந்து வந்தது. துருக்கியில் ‘யெத்தேர்’ என்றால் போதும். மொழி வேறு, சாமி வேறு, சாப்பாடு வேறு. பெண் பிறந்த வீட்டின் பெருமூச்சு மட்டும் ஒன்றாக இருக்கிறது பாருங்கள்!

பெயர் பலித்ததா?

“எங்க தெருவுல அப்படிப் பேர் வச்சாங்க, அடுத்தது ஆண் பிறந்துச்சே! அதுக்கு என்ன சொல்றே?” என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். நான் படித்தது பத்தாவது வரைக்கும்தான். ஆனால் அந்தப் பத்தாவது படிப்பே இதற்குப் பதில் சொல்லப் போதும்.

தாயிடமிருந்து குழந்தைக்குப் போவது எப்போதும் எக்ஸ் குரோமோசோம். தகப்பனிடமிருந்து எக்ஸ் போனால் பெண், ஒய் போனால் ஆண். தாயின் கையில் ஒன்றும் இல்லை. தகப்பனும் வேண்டும் என்று செய்வது இல்லை. ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி வாய்ப்பு. முன்னால் இரண்டு பெண் பிறந்தது என்பதற்காக மூன்றாவதில் கணக்கு மாறுவதும் இல்லை.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். 100 வீட்டில் இந்தப் பெயரை வைத்தால், அடுத்த பிரசவத்தில் சுமார் 50 வீட்டில் ஆண் பிறக்கும். பெயர் வைக்காத 100 வீட்டிலும் அதே 50 வீட்டில் பிறக்கும். மீதி 50 வீட்டில் விடாமல் இன்னொரு தடவை பார்த்தால், அதிலும் 25 வீட்டில் ஆண் வந்துவிடும். ஆக 100-க்கு 75 வீட்டில், ‘பெயர் பலித்தது’ என்று சொல்லிவிடலாம்! பலித்த வீட்டுக் கதையைத் தெருவெல்லாம் சொல்வார்கள். பலிக்காத 25 வீட்டுக் கதையை யார் வெளியே சொல்கிறார்கள்? பெயர் பலிக்கிறது என்ற நம்பிக்கை இத்தனை தலைமுறை தாங்கியது இப்படித்தான். இதற்கு நடுவில் நான்கு, ஐந்து என்று பெற்று ரத்தசோகையில் வெளுத்துப் போன தாயின் உடம்பை மட்டும் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

ஆண் பிள்ளை எதற்கு என்று கேட்டால் மூன்று பதில் வரும். கொள்ளி போட, சொத்து போகாமல் இருக்க, வயசான காலத்தில் கஞ்சி ஊற்ற. சொத்து விஷயத்தில் நம் தமிழ்நாடு 1989-லேயே சட்டம் திருத்திப் பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் பங்கு கொடுத்தது. 2005-ல் நாடு முழுவதும் அந்தச் சட்டம் வந்தது. பெண்ணுக்கு அந்த உரிமை பிறப்பாலேயே வருகிறது என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்புச் சொல்லிவிட்டது. கஞ்சி ஊற்றுவது யார் என்பதை என்னைவிட நீங்கள் நன்றாகவே அறிவீர்கள். எங்கள் சிப்காட்டில் காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் பிடிக்க, டிபன் பாக்ஸோடு ஓடும் பெண் பிள்ளைகளைப் பாருங்கள். சம்பளம் வந்ததும் ஊருக்குப் பணம் அனுப்பும் பெண்கள் எத்தனை பேர்! கொள்ளி விஷயமும் மெல்ல மாறிவருகிறது. மகள்கள் முன்னால் நடந்து போய்க் காரியம் செய்த செய்திகளைப் படிக்கிறோம்.

இந்தப் பெயரைச் சின்ன விஷயம் என்று ஒதுக்கவும் முடியாது. ‘பெண் வேண்டாம்’ என்று சொல்ல வாய் பழகிய இடத்தில், கையும் பழகிவிடும் ஆபத்து உண்டு. நம் மாநிலத்திலேயே பெண் சிசுக்கொலை நடந்த ஊர்கள் உண்டு. அதைத் தடுக்க 1992-ல் சேலத்தில்தான் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் 1994-ல் வந்தது. அத்தனைக்குப் பிறகும் 2011 கணக்கெடுப்பில் ஆறு வயதுக்கு உட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்குத் தமிழ்நாட்டில் 943 பெண் குழந்தைகள்தான். நாடு முழுவதும் எடுத்தால் 920-ஐக்கூடத் தொடவில்லை.

தொட்டில் போட்ட அன்று...

போன வருஷம் என் தங்கைக்கு மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தது. தொட்டில் போடும் விசேஷத்துக்குப் போயிருந்தேன். தங்கை ஒரு மூலையில் முகம் வாடி உட்கார்ந்திருந்தாள். என்ன என்று கேட்டால் கண்ணில் தண்ணீர். அவள் மாமியார் அந்தப் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டாராம். மாப்பிள்ளை அம்மா பேச்சைத் தட்டமாட்டார்.

நான் மெதுவாக, “அத்தை, இந்தப் பேரு வேற யோசிக்கலாமே” என்றேன். அவர் கெட்டவர் இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஏம்மா, எனக்கு மட்டும் ஆசையா? எனக்கும் முதல் ரெண்டும் பொண்ணுதான். ரெண்டாவதுக்கு எங்க மாமியா இந்தப் பேரு வச்சாங்க. நான் அன்னிக்கு அழாத அழுகையா? ஆனா அடுத்தது இவன் பொறந்தானே! கண்ணால பார்த்தவ சொல்றேன்” என்று மாப்பிள்ளையைக் காட்டினார். அவருக்கு அத்தாட்சி எதிரிலேயே நிற்கிறது. குரோமோசோம் கணக்கை அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது?

அப்போதுதான் சமையல்கட்டிலிருந்து காபி டம்ளர்களோடு அண்ணி வந்தார். அந்தப் ‘பெயர் பலித்த’ அண்ணியேதான். தட்டைக் கீழே வைத்துவிட்டு, “அம்மா, இந்தப் பேரு என்னோட போகட்டும். இன்னொரு பொண்ணுக்கு வேணாம்” என்றார். குரலை உயர்த்தவில்லை. “அத்தைதானே பேர் வைக்கணும்? நான்தான் இவளுக்கு அத்தை. அந்தப் பேரை என் வாயால இவ காதுல சொல்லமாட்டேன்.”

வீடே அமைதியாகிவிட்டது. அத்தைக்கும் கண் கலங்கிவிட்டது. “உனக்கு இத்தனை நாளா மனசுல இருந்துச்சா?” என்று மட்டும் கேட்டார். அதற்கு அண்ணி பதில் சொல்லவில்லை. குழந்தையைத் தொட்டிலில் இருந்து எடுத்து, அதன் காதில் மூன்று தடவை ஒரு பெயரைச் சொன்னார். நல்ல பெயர். குழந்தையின் சொந்தப் பெயர் என்பதால் இங்கே எழுதவில்லை. இப்போது அது தவழ்ந்து கொண்டிருக்கிறது. அண்ணியைப் பார்த்தால் யாரிடமும் நிற்காது, தாவிவிடும்!

நம்மால் செய்யக் கூடியது

அந்த விசேஷத்துக்குப் பிறகு நான் விசாரித்துத் தெரிந்துகொண்ட சில விஷயங்களை மற்ற சகோதரிகளுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

ஒன்று: குழந்தை பிறந்த 21 நாளுக்குள் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். ஆனால் பெயரையும் அப்போதே எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரு வருஷத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 வருஷம் வரைக்கும் தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். ஆகவே ஆஸ்பத்திரியில், மனசு சரியில்லாத நேரத்தில், யாரோ சொன்ன பெயரை அவசரப்பட்டு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். ஒருமுறை பதிவேட்டில் ஏறிய பெயரை மாற்றுவதுதான் கஷ்டம்.

இரண்டு: ஏற்கெனவே ஏறிவிட்ட பெயரையும் மாற்ற வழி இருக்கிறது. தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு வெளியிட வேண்டும். எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறையிடம் விண்ணப்பிக்க வேண்டும். பதினெட்டு வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். அரசிதழைக் காட்டி மற்ற சான்றிதழ்களில் மாற்றக் கேட்கலாம். பெண் பத்தாவது பொதுத்தேர்வு எழுதுவதற்கு முன்பே இதை முடித்துவிடுவது நல்லது. மார்க் ஷீட்டில் ஏறிவிட்டால் அலைச்சல் அதிகம்.

மூன்று: இரண்டும் பெண் என்று கவலைப்படும் வீடுகளுக்கு, 1992-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. ஆண் குழந்தை இல்லாமல், ஒரு பெண்ணோடு குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டால் அவள் பெயரில் 50,000 ரூபாயும், இரண்டு பெண்களோடு நிறுத்தினால் ஆளுக்கு 25,000 ரூபாயும் அரசு வைப்புத் தொகையாகப் போடும் என்று 2011-ல் உயர்த்தினார்கள். வருமான வரம்பும் மற்ற நிபந்தனைகளும் உண்டு. உங்கள் பகுதி ஊர் நல அலுவலரையோ அங்கன்வாடி டீச்சரையோ கேட்டால் விவரம் சொல்வார்கள்.

நான்கு: இது பணம் காசு இல்லாதது. பெண் பிறந்தது என்று தகவல் வந்தால், “என்ன, பொண்ணா?” என்று இழுக்காமல், “தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்களா?” என்று கேட்போம். அந்த இழுப்புதான் வளர்ந்து வளர்ந்து கடைசியில் ஒரு குழந்தைக்குப் பெயராகிவிடுகிறது.

பெயரை வென்ற பெண்

கடைசியாக ஒரு சந்தோஷமான செய்தி. 2019-ல் நாராயணபுரத்தைச் சேர்ந்த, ‘வேண்டாம்’ என்ற பெயர் கொண்ட ஒரு பொறியியல் கல்லூரி மாணவிக்கு ஜப்பான் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. வருஷத்துக்கு 22 லட்சம் ரூபாய் சம்பளம் என்று பத்திரிகைகளில் வந்தது. நம் மாவட்ட கலெக்டர் அவரை அழைத்துப் பாராட்டி, ‘பெண் குழந்தைகளைக் காப்போம், பெண் குழந்தைகளுக்குக் கற்பிப்போம்’ திட்டத்தின் மாவட்டத் தூதுவராக அறிவித்தார். பெண் வேண்டாம் என்று வைத்த பெயர், பெண் வேண்டும் என்ற திட்டத்தின் அடையாளமாகிவிட்டது!

அந்தச் செய்தியை அண்ணியிடம் காட்டினேன். “நீங்களும் அரசிதழில் மாத்திக்கலாமே அண்ணி” என்றும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “எனக்கு எதுக்கு? குழுவுல தலைவியா கையெழுத்துப் போடறதே இந்தப் பேர்லதான். நாப்பது வருஷமா இதைத் தூக்கிக்கிட்டு நானே பழகிட்டேன். சின்னப் பொண்ணுங்க மாத்திக்கட்டும்” என்றார். மாற்றிக்கொள்வதும் வைத்துக்கொள்வதும் அந்தந்தப் பெண்ணின் இஷ்டம். நாம் செய்ய வேண்டியது, இந்தப் பெயர் உள்ளவர்களைக் கண்டால் கேலியாகச் சிரிக்காமலும், ‘ஐயோ பாவம்’ என்று உச்சுக் கொட்டாமலும் மரியாதையாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான். புதிதாகப் பிறக்கும் எந்தப் பெண்ணுக்கும் அந்தப் பெயர் போகாமல் பார்த்துக்கொள்வதும்தான்.

உங்கள் ஊரிலும் இப்படிப்பட்ட பெயர்கள் இருக்கிறதா சகோதரிகளே? அந்தப் பெயர் எப்படி வந்தது, அவர்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று இந்தப் பக்கத்துக்கு எழுதுங்கள். நாங்களும் தெரிந்துகொள்கிறோம்.

- ஒரு இல்லத்தரசி, கும்மிடிப்பூண்டி.